மறுபடியும் அவரேயா?

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மகத்தன்று நாம் கிள்ளைக்குப் போயிருந்தோம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் திருநாள் அது. வழியில் முஸ்லிம் பெருமக்கள் சுவாமிக்கு மரியாதை செய்து வரவேற்கும் அழகைக் கண்டு மனம் குளிர்ந்தோம். பிறகு முழுக்குத்துறைக் கடற்கரையில் திரண்டிருந்த ஜனசமுத்திரத்திலே நீந்தி, ஒருவாறு கரையேறி, ஒரு டீக்கடைப் பெஞ்சியில் இளைப்பாற உட்கார்ந்தோம். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் நம்மைப் பத்திரிகைக்காரர் என்று எப்படியோ கண்டுகொண்டார்.

"ஐயா, எங்க ஊரு பிரசிடெண்டு மறுபடியும் நிக்கப் போறாரு. ஜெயிக்கிறது நிச்சயம். அதிலே சந்தேகமே இல்லை. எத்தனை வோட்டு வித்தியாசத்திலே ஜெயிப்பாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

பத்திரிகைக்காரர்களும் ஜோதிடர்களும் ஒரே வர்க்கத்தார் என்னும் அபிப்பிராயம் நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. அதை மறுத்துப் பயனில்லை. ஆகவே நாம் ஓர் எதிர்க் கேள்வி போட்டோம்: "பெரியவரே, தங்கள் வோட்டு யாருக்கு?"

"அவருக்குத்தானுங்க. வேறே யாரு நிக்கிறாங்க?"

இந்தப் பதிலைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது. டீ ஆறுவதற்குள் அந்தச் சிரிப்பு மறைந்து, யோசனை வந்தது. ஒரு தலைவர் இரண்டாம் முறை அமோகமாக ஜெயிக்கிறார் என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அவர்மேல் ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கை ஒன்று. 'வேறே யாரு நிக்கிறாங்க?' என்பது மற்றொன்று. வோட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணினால் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். எந்தக் காரணத்தால் ஜெயித்தார் என்பது அவர் ஜெயித்த பிறகே வெளிப்படும். இந்த வாரம் நேயர்களிடம் நாம் பேச விரும்புவது இதைப் பற்றியே.

முதலில் ஜோதிடப் பகுதியை முடித்துவிடுவோம். பதவியில் இருப்பவருக்குச் சில வசதிகள் உண்டு. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். திறப்பு விழாக் கல்வெட்டுகளில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. நாலு வருஷமாகக் குண்டும் குழியுமாய்க் கிடந்த சாலை ஐந்தாம் வருஷத்தில் திடீரென்று தார் பூசிக்கொள்கிறது. எதிரிகளோ ஒருவரை ஒருவர் எதிர்ப்பதிலேயே பாதிப் பலத்தைச் செலவழித்து விடுகிறார்கள். ஆகையால் 'மறுபடியும் அவரே' என்று சொல்லுகிற ஜோதிடர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னோம். 1936-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இரண்டாம் முறை தேர்தலுக்கு நின்றார். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பிரபல வாரப் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வோட்டுச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றும், எதிர் அபேட்சகர் லாண்டன் பெருவெற்றி அடைவார் என்றும் பத்திரிகை முடிவு கட்டியது. உண்மையில் நடந்தது என்ன? 48 ராஜ்யங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். தேர்வாளர் வோட்டுகளில் அவருக்கு 523, லாண்டனுக்கு 8! பத்திரிகை விலாசங்களைச் சேகரித்தது டெலிபோன் வைத்திருந்தவர்கள், மோட்டார் வைத்திருந்தவர்கள் ஜாபிதாக்களிலிருந்து. பஞ்ச காலத்தில் ரூஸ்வெல்டை நம்பியிருந்த ஏழை ஜனங்களுக்கு டெலிபோன் ஏது? மோட்டார் ஏது? இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பத்திரிகையே மறைந்துபோயிற்று. நாமும் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதுகிறவர்களாதலால் இந்தக் கதையை மறப்பதே இல்லை.

கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டு வேறு பேரைக் கேட்டால் இப்படித்தான் ஆகும். நம் நாட்டு ஜனாதிபதி விஷயத்திலும் இந்தத் தவறு எளிதில் நேரும். ஊரெல்லாம் ஒருவரை விரும்பலாம். ஆனால் வோட்டுப் போடுகிறவர்கள் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் சட்டசபை அங்கத்தினர்களுமே. சிதம்பரம் தொகுதிச் சட்டசபை அங்கத்தினருக்கும் அந்தத் தேர்தலில் ஒரு வோட்டு உண்டு. தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு ஜனத்தொகையை வைத்துக் கணக்கிட்டபடி அந்த வோட்டின் மதிப்பு 176. கிள்ளை வாசிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 2022-ல் கிள்ளைப் பேரூராட்சியின் தலைவரையும் வார்டு அங்கத்தினர்கள் கூடித்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இராமேசுவரத்து அப்துல் கலாம் 2002-ல் லட்சுமி ஸேகலை எதிர்த்து 1,07,366-க்கு 9,22,884 என்ற கணக்கில் ஜெயித்தார். 2007-ல் அவர் மறுபடியும் நிற்க வேண்டும் என்று பள்ளிச் சிறுவர் முதல் பாட்டிமார் வரை ஆசைப்பட்டார்கள். மூன்றாவது அணிக் கட்சித் தலைவர்கள் சிலரும் வேண்டிக்கொண்டார்கள். வெற்றி நிச்சயமென்றால் யோசிக்கலாம் என்றார் கலாம். வோட்டுள்ளவர்களின் கணக்கு நிச்சயமாக வேறு விதமாயிருந்தது. அவர் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டார். ஊரார் அன்பு வேறு, வோட்டுக் கணக்கு வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வளவு போதும் ஜோதிடம். ஜெயிப்பாரா, எவ்வளவில் ஜெயிப்பார் என்பது சிறிய கேள்வி. அப்படி ஜெயிப்பது நல்லதா என்பதே பெரிய கேள்வி. அந்தக் கேள்வியை நம் தேசத்தில் மிகவும் துணிச்சலாகக் கேட்டவர், ஜெயிக்க இருந்த ஆசாமியேதான்!

சுதந்திரத்துக்கு முன்னால் காங்கிரஸ் மகாசபையின் அக்கிராசனரையே ஜனங்கள் 'ராஷ்டிரபதி' என்று அழைத்து வந்தார்கள். பண்டித ஜவாஹர்லால் நேரு 1936-ல் லக்ஷ்மணபுரியிலும், அவ்வருஷக் கடைசியில் பெய்ஸ்பூரிலும் அடுத்தடுத்து இரண்டு முறை ராஷ்டிரபதியானார். 1937-ல் நடந்த மாகாணத் தேர்தல்களுக்காக நாடெங்கும் சூறாவளிப் பிரயாணம் செய்தார். சென்னை மாகாணச் சட்டசபையில் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. மூன்றாம் முறையும் அவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அவர் நின்றிருந்தால் வெற்றியைப் பற்றி யாருக்கு ஐயம் இருந்திருக்கும்?

அச்சமயத்தில், 1937 நவம்பரில், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'மாடர்ன் ரெவியூ' பத்திரிகையில் 'ராஷ்டிரபதி' என்ற தலைப்புடன் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் பெயர் 'சாணக்கியன்' என்று இருந்தது. கட்டுரை நேருவைக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தது. கூட்டத்தைக் கண்டு அவர் முகத்தில் மலரும் புன்னகை இயற்கையா, பழகிய வித்தையா என்று அது கேட்டது. ஜனங்களிடம் செல்வாக்கு, தளராத உழைப்பு, கர்வம், பிறர் பலவீனத்தைப் பொறுக்காத சுபாவம் ஆகியவை ஒன்று சேர்ந்தால் சர்வாதிகாரி ஒருவன் உருவாகத் தடை என்ன என்று எச்சரித்தது. ஆகையால் இவரை மூன்றாம் முறை தேர்ந்தெடுக்கலாகாது என்று முடிவு கூறியது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். யார் இந்தச் சாணக்கியன் என்று வியந்தார்கள். நேருவே புனைபெயரில் தம்மைப் பற்றி எழுதிய கட்டுரை அது என்பது பின்னால் தெரிய வந்தது.

இதில் சிறிது நாடகமும் இருக்கிறது என்று சொல்லுவோர் உண்டு. இருக்கட்டும். சாணக்கியன் எச்சரித்த ஆசாமியே பிற்காலத்தில் 1947 முதல் 1964 வரை பிரதம மந்திரியாக இருந்தார் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும், 'வேறே யாரு நிக்கிறாங்க?' என்று நாடே கேட்கும்போது, 'வேறு யாராவது நிற்கத்தான் வேண்டும்' என்று தமக்கு எதிராகத் தாமே எழுதிய தலைவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? கிள்ளையில் நாம் கண்ட பெரியவருக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நேருவுக்குப் பின் 1938-ல் ஹரிபுராவில் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் அக்கிராசனரானார். அடுத்த வருஷம் அவரும் இரண்டாம் முறை நின்றார். இம்முறை எதிரே ஆள் இருந்தது. காந்திஜியின் ஆதரவு பெற்ற டாக்டர் பட்டாபி சீதாராமய்யா நின்றார். 1939 ஜனவரி 29-ந் தேதி வோட்டெடுப்பில் போஸுக்கு 1,580, பட்டாபிக்கு 1,377. வித்தியாசம் 203. பட்டாபியின் தோல்வி தம்முடைய தோல்வியே என்று காந்திஜி அறிவித்தார். திரிபுரி மகாசபைக்குப் பிறகு போஸால் காரியக் கமிட்டி அமைக்க முடியவில்லை. ஏப்ரல் மாதக் கடைசியில் அவர் ராஜிநாமாச் செய்தார்.

'பார்த்தீர்களா, வித்தியாசம் குறைந்தால் இப்படித்தான் காரியம் கெடும். ஆகவே அமோக வெற்றிதான் நாட்டுக்கு நல்லது' என்று ஒரு நேயர் வாதிக்கலாம். வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அரை மனத்தோடு பின்தொடரும் படையை வைத்துக்கொண்டு எந்தத் தளபதியும் போர் நடத்த முடியாது. ஆனால் போஸ் வீழ்ந்தது 203 என்ற எண்ணினால் அன்று. ஸ்தாபனத்தின் பெரியவர்களும் அவரும் சேர்ந்து வேலை செய்ய முடியாமற் போனதே காரணம். இரண்டாயிரம் வோட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்திருந்தாலும் அந்த முடிச்சு அவிழ்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

போஸ் விட்டுச் சென்ற ஆசனத்தில் 1939-ல் அமர்ந்தவர் பாபு ராஜேந்திர பிரசாத். விதியின் விளையாட்டைப் பாருங்கள். அமோக வெற்றிக்கு நம் நாட்டில் மிகப் பெரிய உதாரணமும் அவரேதான். குடியரசின் முதல் ஜனாதிபதியான அவர் 1952 தேர்தலில் 5,07,400 வோட்டுப் பெற்றார். எதிர்த்து நின்றவர்களில் பேராசிரியர் கே. டி. ஷா 92,827 பெற்றார். 1957-ல் ராஜன் பாபு மறுபடியும் நின்றார். அவருக்கு வந்த வோட்டு 4,59,698. எதிரே நின்ற இருவரில் சௌதரி ஹரிராமுக்கு 2,672, நாகேந்திர நாராயண தாஸுக்கு 2,000. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஒருவருக்கே! முதல் தேர்தலைக் காட்டிலும் அவர் பெற்ற வோட்டு குறைவு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கூடியது வித்தியாசம் மாத்திரமே. ஏனென்றால், முதல் முறை ஒரு கே. டி. ஷா நின்றார். இரண்டாம் முறை அத்தகையவர் ஒருவரும் நிற்கவில்லை.

இந்தச் சௌதரி ஹரிராமிடம் நமக்குத் தனி மரியாதை உண்டு. 1952-ல் நின்றார், 1957-ல் நின்றார், 1962-ல் டாக்டர் ராதாகிருஷ்ணனை எதிர்த்தும் நின்றார். ஜெயிப்போம் என்று அவர் நினைத்திருக்க முடியாது. கேலி செய்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆயினும் தேர்தல் என்பது தேர்வு செய்வது. ஒரே ஒரு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு 'தேர்ந்தெடு' என்று எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். இப்பேர்ப்பட்டவர்கள் பெருகிவிடக் கூடாதென்று பிற்காலத்தில் சட்டம் கடுமையாயிற்று. 1997 முதல் ஜனாதிபதி அபேட்சகருக்கு 50 பேர் முன்மொழியவும் 50 பேர் வழிமொழியவும் வேண்டும், 15,000 ரூபாய் டிபாசிட்டும் கட்ட வேண்டும் என்று ஏற்பட்டது.

தொண்ணூற்றொன்பது பங்கு வெற்றியால் ராஜன் பாபு தலைகால் தெரியாமல் ஆடினாரா? இல்லை. அவருடைய குணம் ஒரு காரணம். அரசியல் சட்டம் மற்றொரு காரணம். நம் ஜனாதிபதி மந்திரி சபையின் யோசனைப்படி நடக்க வேண்டியவர். அந்த எல்லையைப் பற்றி 1960-ல் அவரே ஒரு கேள்வி கிளப்பினார். சட்ட நிபுணர்கள் ஆராய வேண்டும் என்றார். ஆனால் எல்லையைத் தாண்டவில்லை. 1962 மே மாதத்தில் பதவியைவிட்டு இறங்கிப் பாட்னாவில் ஸதாகத் ஆசிரமத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் 2022 வரை நடந்த தேர்தல்களில் ஒருவரும் இரண்டாம் முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

எல்லை இல்லாத அதிகாரத்தோடு அமோக வெற்றியும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதற்குக் கடலைத் தாண்டிப் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. முழுக்குத்துறையிலிருந்து தெற்கே பார்த்தால், அக்கரையில் இலங்கை. 1978-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அந்நாட்டு ஜனாதிபதிக்கு மிகப் பெரிய அதிகாரம் கொடுத்தது. 2010 ஜனவரி 26-ல் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ இரண்டாம் முறை நின்று, நூற்றுக்கு 57.88 பெற்றார். எதிர்த்த சரத் பொன்சேகாவுக்குக் கிடைத்தது 40.15. வித்தியாசம் பதினெட்டு லட்சத்துக்கு மேல். இரண்டு வாரத்துக்குள் தோற்ற அபேட்சகர் சிறைப்பட்டார். அதே வருஷம் செப்டம்பரில் பதினெட்டாவது சட்டத் திருத்தம் வந்தது. ஒருவர் இரண்டு முறைதான் ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பு நீக்கப்பட்டது. யுத்தத்தால் நொந்துபோன வடக்கு, கிழக்குத் தமிழ் மக்களுக்குப் பதினெட்டு லட்சம் என்ற எண் எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டுமா?

மூன்றாம் முறைக்கு அவசரம் வந்தது. தவணை முடியச் சுமார் இரண்டு வருஷம் இருக்கும்போதே தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட்டது. ஜோதிடர் சொல்லை நம்பிக் குறித்த நாள் என்று எங்கும் பேசிக்கொண்டார்கள். 'வேறே யாரு நிக்கிறாங்க?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்றே அரண்மனையில் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் பதில் அரண்மனைக்குள்ளேயே இருந்தது. அவருடைய மந்திரி சபையில் சுகாதார மந்திரியாகவும், அவருடைய கட்சிக்கே பொதுச் செயலாளராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன வெளியே வந்து எதிரே நின்றார். 2015 ஜனவரி 8-ல் சிறிசேனவுக்கு 51.28, ராஜபக்ஷவுக்கு 47.58. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் மக்கள் திரளாகச் சென்று மாற்றத்துக்கு வோட்டளித்தார்கள். பதினெட்டு லட்சம் ஐந்து வருஷத்தில் கரைந்து போயிற்று.

ரூஸ்வெல்ட் கதையின் பின்பாதியும் இதுவே. 46 ராஜ்யங்களின் வெற்றி முழக்கம் அடங்குமுன், 1937 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றத்தில் தமக்கு இசைந்த நீதிபதிகளைக் கூடுதலாக நியமிக்க வழி செய்யும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். ஸெனட் சபையில் முக்கால் பங்குக்கு மேல் அவர் கட்சிக்காரர்கள். எதிர்க்கட்சி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆனால் ஜூலை மாதத்தில் அந்த மசோதா புதைக்கப்பட்டது. புதைத்தவர்களுள் அவர் கட்சி ஸெனட்டர்களே முன்னின்றார்கள்.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் நாம் தெரிந்துகொள்வது ஒன்றே. எதிரே நிற்பதற்கு ஆள் இல்லாமற் போனால் எதிர்ப்பு ஒழிந்துவிடுவதில்லை. அது சுற்றி வந்து பக்கத்தில் நிற்கிறது. எதிரே நிற்பவனைக் கண்ணால் பார்க்கலாம், பதில் சொல்லலாம். பக்கத்தில் நிற்பவன் சிரித்துக்கொண்டே நிற்பான்.

கிள்ளையைச் சுற்றியுள்ள உப்பங்கழியில் படகு செலுத்துகிறவர்களுக்கு இந்த உண்மை வேறு வடிவத்தில் தெரியும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் ஓதம் ஏறியிருக்கும்போது எங்கும் ஒரே தண்ணீர். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்போல் தோன்றும். படகுக்காரர் அப்போதுதான் அதிக ஜாக்கிரதையாய் இருப்பார். வேரும் சேறும் தண்ணீருக்கு அடியிலே மறைந்திருக்கின்றன, இல்லாமற் போய்விடவில்லை என்று அவருக்குத் தெரியும். ஓதம் வற்றும் நேரமும் அவருக்குத் தெரியும்.

தேசத் தலைவர்களுக்குப் புத்தி சொல்ல நாம் யார்? ஆனால் நம் நேயர்கள் குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்கு ஒரு பிரசிடெண்டு உண்டு. அவர் எத்தனை வோட்டில் ஜெயித்தார் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், வேறு இரண்டு விஷயங்களையும் கவனியுங்கள். தோற்றவர் குடியிருக்கும் தெருவில் விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியன்றும் கூடும் கிராம சபையில் யாராவது ஒருவர் எழுந்து கணக்குக் கேட்கிறாரா, கேட்டவர் பயமில்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால், ஆயிரம் வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் பாதகமில்லை. அது நம்பிக்கையின் வெற்றி. இல்லையென்றால் அது வெற்றிடத்தின் வெற்றி. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு நம்முடையது. கிராம சபையில் எழுந்து கேட்கும் அந்த ஒருவர் நம் வீட்டுப் பெண்மணியாகவும் இருக்கலாம்.

கிள்ளைப் பெரியவருக்கு அன்று நாம் சரியான பதில் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடி வந்துவிட்டோம். இன்று அவரைச் சந்தித்தால் இப்படிச் சொல்லுவோம்: "பெரியவரே, உங்கள் பிரசிடெண்டு ஜெயிக்கட்டும். நல்லவராயிருந்தால் நன்றாகவே ஜெயிக்கட்டும். ஆனால் 'வேறே யாரு நிக்கிறாங்க?' என்று எங்களைக் கேட்காதீர்கள். ஊருக்குப் போய், உங்கள் தெருவில் கேளுங்கள்."